வீட்டுக்காரி

ரங்கூனின் தாமுவே பகுதியில் நாங்கள் குடியிருப்பது சர்க்கார் கட்டிய பழைய மாடிக் கட்டடம். என் கணவரின் சர்க்கார் வேலைக்காகக் கிடைத்த குவார்ட்டர்ஸ் அது. கல்யாணமான மறுவருஷமே குடிவந்துவிட்டோம். குடியிருப்பவர்களே வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தபோது கட்டடமே கல்யாண வீடு போல் ஆனது. அவருடைய சம்பளமும் என் இட்லி வியாபாரக் காசும் ஒரே டப்பாவில்தான் விழுந்தன. அதை எடுத்துத்தான் வீட்டுக்குப் பணம் கட்டினோம்.

பத்திரம் யார் பெயரில் என்ற பேச்சு வந்ததும் என் குஷி அடங்கிவிட்டது. அவருடைய அண்ணன் வந்து உட்கார்ந்துகொண்டு, "வேல அவனுது, வீடும் அவனுது. பொம்பள பேரு எதுக்கு?" என்றார். இவரோ அண்ணனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். கீழ்வீட்டு அக்காவின் கணவர் இறந்தபோது, கருமாதி முடியுமுன்பே கொழுந்தன்மார் சாவி கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்பது பர்மியர்களின் பழைய வழக்கம். இந்துக்களான எங்களுக்கும் அது செல்லுமா என்று கேட்டால் வக்கீலுக்கு வக்கீல் ஒன்று சொல்கிறார்.

"ஏங்க, எம்பேரும் இருக்கணும்," என்றேன்.

"பாப்போம்."

அவர் பாப்போம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரம் எழுதும் ஆபீசுக்கு அவர் கிளம்பிய அன்று நானும், இங்கே பெண்களும் கட்டுகிற லுங்கியை இறுகக் கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

அங்கே கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் மக்கர். எழுதுகிற பெண் எல்லாவற்றையும் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவர் அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, "இவங்க யாரு, மாமா?" என்று பர்மியத்தில் கேட்டாள்.

இந்த மனிதர் அந்நியர் முன்னால் பெண்டாட்டி என்று எந்த மொழியிலும் சொல்ல மாட்டார். கூச்சம். டீக்கடையில்கூட நான் அவருக்கு 'வீட்டுக்காரி'தான். அன்று இருந்த பதற்றத்தில் அந்த வார்த்தையை அப்படியே பர்மியத்தில் திருப்பி, "என் எய்ன்ஷின்" என்று சொல்லிவிட்டார். எய்ன்ஷின் என்றால் அந்த மொழியில் வீட்டுச் சொந்தக்காரர். வாடகை வாங்குகிறவரைச் சொல்வார்கள். அவள் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி முடித்துவிட்டு, "அப்ப நீங்க வாடகைக்கு இருக்கீங்களா, மாமா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். இவர் அசடு வழிய, "இல்ல, இவ என் சம்சாரம்," என்று ஒருவழியாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஊரார் முன்னால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவளும் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். "வேல பாத்தது நீங்கதானே? இத அடிச்சிட்டு உங்க பேர எழுதிடவா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. பேனா முனை என் பெயர்மேல் இருந்தது. இவர் கையை நீட்டி அந்தக் காகிதத்தை மறைத்தார்.

"அடிக்காதம்மா. அவ பேரு இருக்கட்டும். எடம் இருந்தா, பக்கத்துல எம்பேரையும் எழுதிக்க."

அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். கொஞ்சமும் வெட்கமாக இல்லை.