மஞ்சள் பாட்டில் கேட்ட ராஜம்மா

அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் ஸ்டாஃப் நர்ஸ். நோயாளிகளைவிட அங்கே 'தெம்பு பாட்டில்' ஏற்றிக்கொள்ள வருகிறவர்கள்தான் அதிகம். குளுக்கோஸில் பி-காம்ப்ளெக்ஸ் வைட்டமின் ஆம்பூலை உடைத்து விட்டால் பாட்டில் பளிச்சென்று மஞ்சளாகும். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று, கிளப்பில் விடிய விடியச் சீட்டாடிய களைப்புக்கு ஒன்று. நோய் இல்லாததால் எல்லோருக்கும் நன்றாகவே குணமாயிற்று.

ஒரு நாள் ஸ்ரீராம்புரத்திலிருந்து ராஜம்மா தன் கணவர் முனுசாமியைக் கூட்டிவந்தாள். மில் தொழிலாளி. சோற்றை விட்டுச் சாராயத்திலேயே காலம் தள்ளியவர். நடை தள்ளாடியது, கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டிய மனைவியைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "சிஸ்டர், உடம்புல பி-ஒன் வைட்டமின் சுத்தமா இல்ல. கோகார்பாக்சிலேஸ் உடனே போடுங்க. லேட் பண்ணா ஞாபகம் திரும்பாது" என்றார்.

பி-ஒன்னின் இன்னொரு வடிவம், சாப்பாட்டை உடம்புக்குச் சக்தியாக மாற்ற உதவும் கோ-என்சைம் அது. கரைத்து பாட்டிலில் கலந்து ஏற்றினேன். அதற்கு நிறம் கிடையாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு மஞ்சள் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ராஜம்மா இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர், அவருக்கு மருந்து, எங்க ஆளுக்கு சும்மனே தண்ணியா? ஏழைன்னா எளக்காரமா?"

"இதுதாம்மா நிஜமான மருந்து. அவருக்கு ஒடம்புல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாதவருக்கு நல்ல மருந்து! நல்லா கீது நியாயம். ஊசியப் புடுங்கு, நாங்க போறோம்."

எனக்குப் பதறிவிட்டது. அப்படியே போனால் அந்த மனிதர் மனைவியை மறந்தவராகவே இருந்துவிடுவார். ஒரு மஞ்சள் ஆம்பூலைக் கலந்து சமாளித்திருப்பேன். ஆனால் கையிருப்பில் இருந்த கடைசி ஆம்பூல் முதலாளிக்குள் போய்க்கொண்டிருந்தது.

நர்ஸ் அறை அலமாரியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்து மிஞ்சிய மஞ்சள் கண்ணாடித்தாள் இருந்தது. "இருங்கம்மா, அதே மாதிரி போடறேன்" என்று பாட்டிலை உள்ளே எடுத்துப்போய், தாளைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினேன்.

"இத மொதல்லயே செய்யறதுக்கு இன்னா?" என்று ராஜம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவுண்டு வந்த டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதன்பின் முனுசாமியின் ஒவ்வொரு பாட்டிலுக்கும் மஞ்சள் சட்டை போட்டேன். சில நாளில் அவர் கண் ஒரு நிலைக்கு வந்தது. ஒரு காலையில் பாட்டிலையே வெகுநேரம் பார்த்தார்.

"ராஜம்மா, பாட்டிலுக்கு எதுக்குடி மஞ்சப் பேப்பர் சுத்தி வெச்சிருக்காங்க?"

நான் சட்டென்று பாட்டிலை மறைத்து நின்றேன். ராஜம்மாவோ பாட்டிலைப் பார்க்கவே இல்லை. தன் பெயரைச் சொன்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள்.

"பேப்பராவது இன்னாவது! மருந்துய்யா அது. பேசாம படு."

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன். மருந்து சரியா என்று பார்ப்பது நம் வேலை. நோயாளியின் வீட்டார் அதை நம்பும்படி செய்வதும் நம் வேலைதான். எதற்கும் கொஞ்சம் கண்ணாடித்தாள் கைவசம் இருக்கட்டும்.