பேனர் மறைவில்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. முதல் பிள்ளை வயிற்றில், மூன்றாம் மாதம். கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள கொல்லயிலிலிருந்து நானும் நாத்தனாரும் ஸ்கேன் எடுக்கத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினோம். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக வரும், தண்ணீர் குடித்துக்கொண்டே வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாயிற்றே! நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் கொண்டுபோன தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிட்டேன்.

நகரத்துக்குள் நுழைந்ததும் பஸ் நின்றுவிட்டது. செக்ரட்டேரியட்டுக்கு ஊர்வலம் போக வந்த மீன் விற்கும் பெண்கள் ரோடு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நகரும் வழியாய் இல்லை. எனக்கோ அடிவயிறு கல்லாய்க் கனத்தது.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். நான் மூத்திரத்தை அடக்கினேன், ஆத்திரத்தை அடக்கவில்லை. மலையாளம் பேசும் இந்த நகரத்தில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியத்தில் ஜன்னல் வழியாக வாய்விட்டே திட்டினேன்.

"ஊருல நாறுனது போதாதுன்னு இஞ்சயும் வந்து நாத்துதாளுவ. சோலியில்லாத சவங்க!"

நேர் கீழே பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இனி தாங்காது என்று இருவரும் இறங்கினோம். கட்டணக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. ஊர்வலத்துக்குப் பயந்து கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கியிருந்தார்கள். திறந்திருந்த ஒரே ஹோட்டலில், பெண்களுக்கு வசதி இல்லை என்று கல்லாக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். ஆண்களுக்கென்ன, ஊரிலுள்ள சுவரெல்லாம் அவர்களுக்குத்தான்.

ஒரு சந்தின் முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இன்னும் ஓரடி வைத்தால் சேலை நனைந்துவிடும். போகிற வருகிறவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. அழுகை வந்துவிட்டது. நாத்தனார் செய்வதறியாமல் கையைப் பிசைந்தார்.

"என்ன மக்கா, வயித்துல உண்டுமா? அடக்கப்பிடாது, கேட்டியா?"

பின்னாலிருந்து கேட்டது அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. திரும்பினால், பேனர் பிடித்திருந்த அதே அம்மா. காரோட்டுக் கடற்கரைக்காரராம். என் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எடியே, அந்தத் துணிய இஞ்ச கொண்டு வாருங்க" என்று குரல் கொடுத்தார். நாலைந்து பெண்கள் ஓடி வந்து, சாக்கடையோரம் சுவரோடு சேர்த்து என்னைச் சுற்றிப் பேனரை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். பட்டப்பகலில், தலைநகரத்தின் நடுவில், அந்த மறைவில் உட்கார்ந்தேன். நிற்கவே நிற்காது போலிருந்தது. ஒருத்தி கூடத் திரும்பவில்லை, சிரிக்கவில்லை.

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். "காலையிலேருந்து நீங்க எல்லாம் எப்பிடிச் சமாளிக்கிதிய?" என்று கேட்டேன்.

"நாங்க தண்ணி குடிக்காமலாக்கும் வருவோம். மீன் விக்கப் போனாலும் அப்பிடித்தான்" என்றார் அந்த அம்மா. வெயிலில் அவருடைய உதடு வெடித்திருந்தது.

"பஸ்ல வச்சு நான்..." என்று தொடங்கினேன்.

"கேட்டேன் மக்கா. வயிறு முட்டி நிக்கும்போ ஆருக்குத்தான் வாய் நிக்கும்? பைய போ" என்று சொல்லிவிட்டு, பேனரைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

திரும்பவும் தண்ணீர் குடித்து ஸ்கேன் எடுத்தோம். பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என்னை அப்போதே மன்னித்துவிட்டார். ஆனால், அவருக்குத் தமிழ் புரியாமல் இருந்திருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேனா என்று கேட்டுப் பார்க்கும்போதெல்லாம், இல்லை என்றுதான் இன்றுவரை மனசு சொல்கிறது.