ஆணியில் தொங்கிய வளையல்

வாட்ச்மேன் அறைச் சுவரில் ஓர் ஆணி உண்டு. என் சட்டையை மாட்டுவதற்காக அடித்தது. அவள் வந்தபிறகு அதில் அவளுடைய இரும்பு வளையல் தொங்கியது.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் எனக்கு வாசல் காவல். தீப்பெட்டி, போன், சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். மருந்து கிடக்கும் இடத்தில் இரும்பு உரசினால் பொறி வரும். நம் ஊரில் ஆள் கிடைக்காமல், வங்காளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்துகொண்டிருந்த சமயம். அவளும் புருசனும் அப்படி வந்தவர்கள்தான். அவனுக்குக் கலவை அறையில் வேலை, அவளுக்குக் காகிதக் குழாய் ஒட்டுகிற வேலை.

முதல் நாள் வளையலைக் கழற்றச் சொன்னேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். கல்யாணத்தில் போட்டது, தான் உயிரோடு இருக்கும்வரை அவள் கழற்றக்கூடாது என்று புருசன் அரைகுறைத் தமிழில் சொன்னான். பின்னால் நின்ற எங்கள் தெரு அக்கா சிரித்தாள். அக்காவின் புருசனுக்கும் அதே கலவை அறைதான்.

"நமக்குத் தாலி தங்கத்துல. இந்திக்காரிக்கு இரும்புலயாம். துருப்பிடிச்சா என்ன செய்வா?"

கழற்றாவிட்டால் வேலை இல்லை. கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் தந்தாள். சாயங்காலம் செருப்பைக்கூட மாட்டாமல் முதலில் அதைத்தான் வாங்க வருவாள். "ஏ புள்ள, புருசன ஆணியில மாட்டிட்டியா?" என்று அக்கா தினமும் கேட்பாள். முதலில் அவளும் சேர்ந்து சிரிப்பாள்; அர்த்தம் புரிந்த பிறகு விட்டுவிட்டாள்.

ஒரு முற்பகலில் கலவை அறை வெடித்தது. இருவரின் புருசன்மாரும் போய்விட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கழட்டிட்டேன், கழட்டிட்டேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அக்காவின் சொந்தக்காரர்கள், பாஷை தெரியாத வடக்கத்தியான்தான் எதையோ மாற்றிக் கலந்திருப்பான் என்று அவள் காதுபடவே பேசினார்கள். அக்கா அவர்களை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த வளையல எடுத்துட்டு வாங்க."

போய் எடுத்து வந்தேன். அக்காவே அதை அவள் கையில் போட்டுவிட்டாள். பிறகு தன் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"இந்தா பாரு தாயி. நான் ஒரு நாளும் கழட்டல. எனக்கும் போயிட்டாக."

அவள் அழுதது அதற்குப் பிறகுதான். புருசன் உடலோடு வண்டியில் ஊருக்குப் போனாள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. யார் தப்பு என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. நம் ஆட்கள் இன்னமும் அவனைத்தான் சொல்கிறார்கள்.

அக்கா வெறும் கழுத்தோடு வேலைக்கு வருகிறாள். வங்காளத்துப் பெண்கள் இப்போது நிறையப் பேர். சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறேன். காலையில் வளையல் மாட்டும்போது யாராவது கேலியாக வாயைத் திறந்தால் அக்கா திரும்பிப் பார்ப்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

சாயங்காலம் எல்லா ஆணியும் காலியாகும்வரை நான் கேட்டைப் பூட்டுவதில்லை.