அரைப்படித் தண்ணீர்

கடலூர் என்று பலகை மாட்டிய பஸ்ஸில் ஏறிய பிறகும், "கடலூர்தானே போவுது?" என்று இரண்டு பேரிடமாவது கேட்பவன் வைத்திலிங்கம். சிதம்பரம் மேலவீதியில் பன்னிரண்டு வருஷமாக டீக்கடை. எல்லார் மேலும் சந்தேகப்படுவான். தன்மேல் மட்டும் பட்டதில்லை.

படி போய் லிட்டர் வந்த சமயம் அது. பால் அளக்க முத்திரை குத்திய லிட்டர் குவளை வேண்டும் என்றார்கள், வாங்கினான். பால்காரி விருத்தாம்பாளும் மூன்று படிக்குப் பதில் ஐந்து லிட்டர் ஊற்றினாள். அந்த மாதமே டீ நீர்த்துப்போயிற்று.

"என்ன வைத்தி, கொள்ளிடத்துல புதுத்தண்ணி வந்துடிச்சா?" என்று டம்ளரைத் தூக்கிப் பார்த்த வாடிக்கைக்காரர் காத்தவராயன், மறுநாள் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். சாயங்காலம் பால் மிஞ்சியது. ஆள் குறைந்ததால் மிஞ்சுகிறது என்று நினைத்தான் வைத்திலிங்கம். ஆள் குறைந்ததற்குக் காரணம் விருத்தாம்பாள் கலக்கும் தண்ணீர் என்றும் முடிவு கட்டினான்.

கடலூர் போய் பால்மானி வாங்கிவந்தான். அவள் பாலில் போட்டால், நல்ல பால் என்ற கோட்டில் நிமிர்ந்து நின்றது. வேறொருவன் சமாதானமாகியிருப்பான். இவனுக்கோ, மாவையோ சர்க்கரையையோ கரைத்துக் கருவியையும் ஏமாற்றுகிறாளோ என்று தோன்றியது.

"நாளையிலேருந்து பால் வேணாம்மா."

"தண்ணி ஊத்துறேன்னு சொல்றீங்களா மாமா? இந்த ஒரு கடைய நம்பித்தான ரெண்டு மாட்டக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்!"

"நான் சொல்லல. டீ சொல்லுது."

"அப்ப அந்த டீய என் கண்ணு முன்னால போடுங்க."

லிட்டர் குவளையால் ஒரு குவளை பாலைச் சட்டியில் ஊற்றினான். கை பழக்கத்தில் தண்ணீர்ச் சால் பக்கம் திரும்பி, பழைய அரைப்படியால் மொண்டது. படிப் பாலுக்கு அரைப்படித் தண்ணீர். பன்னிரண்டு வருஷக் கணக்கு.

"அது என்னாது மாமா?"

"அரைப்படி. தண்ணிக்கு எவன் முத்திரை கேக்குறான்?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. விருத்தாம்பாள் அரைப்படியை வாங்கி, அந்தத் தண்ணீரைக் காலி லிட்டர் குவளையில் ஊற்றினாள். குவளை நிறைய ஒரு விரற்கடைதான் குறைந்தது.

"பாலுக்குச் சரிக்குச் சரியா தண்ணி ஊத்துனா, என் மாடு என்னா மாமா பண்ணும்?"

அவன் அரைப்படியைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்தான். யாராவது அதைப் பெரிதாக்கியிருப்பார்களோ என்பதுபோல.

"சரி சரி. நாளைக்கு வா."

மறுநாள் அவள் தூக்கை இறக்கியதும் பால்மானியை எடுத்தான்.

"போட்டுப் பாருங்க மாமா," என்றாள் அவள். "அப்பிடியே உங்க சாலுலயும் ஒருவாட்டி போட்டுப் பாருங்க."