அக்கா விற்ற கார், நான் ஒட்டிய லோகோ

அந்தக் கம்பெனியின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பேருக்கு நான் செய்தது போதும்.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ரோட்டில் ஓடுகிற கார் அது. எங்கள் ஊரான கிள்ளானில் எந்தக் கடை வரிசையில் நின்று கண்ணை மூடிக் கையை நீட்டினாலும் அதன் கதவில்தான் இடிக்கும். அவ்வளவு பேர் ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள்.

என் அக்கா அந்தக் கம்பெனியின் கிள்ளான் ஷோரூமில் எட்டு வருஷமாக சேல்ஸ் வேலை பார்த்தாள். எனக்கு அதே கம்பெனி காரை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அப்போது நான் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டி, நான் ஏறி நசுக்கினபோது அக்கா கைதட்டினாள். அவளுக்கு அது வேலை செய்கிற இடத்துக் கார் இல்லை. சொந்தக் கார் மாதிரி.

நான் படித்தது விளம்பரத் துறை. கடைசி செமஸ்டரில் ஒரு பிரசன்டேஷன் கொடுக்கச் சொன்னார்கள்: பழைய பிராண்டு ஒன்று ஏன் நல்ல பேர் வாங்க முடியாமல் தவிக்கிறது என்று. யோசிக்கவே இல்லை, அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டேன். அப்பா உயிரோடு இருந்தபோது வைத்திருந்த முதல் கார், அதுவும் இதே கம்பெனிதான், ஃபெடரல் ஹைவேயில் மழையில் நின்றுபோய், பானெட்டில் புகை வந்த கதையைச் சொன்னேன். அதை நடித்தே காட்டினேன். கிளாஸ் முழுக்கக் கைதட்டல். பழைய மாடல்கள் செய்த பாவம், மோசமான சர்வீஸ், வழவழா விளம்பரம் என்று காரணங்களை அடுக்கினேன். லெக்சரர் ‘ஏ’ கொடுத்தார்.

அந்த பிரசன்டேஷன் கொடுக்க நான் ஓட்டிப்போன கார் என்னை ஒரு நாளும் வழியில் விட்டதில்லை. அதை ஸ்லைடில் போடவில்லை. போட்டால் யார் சிரிப்பார்கள்?

படிப்பு முடிந்து தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு விளம்பர ஆபீஸில் வேலை கிடைத்தது. பக்கத்திலேயே ரூம் எடுத்தேன். சனிக்கிழமை மட்டும் கிள்ளான். ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருத்தன், நான் காரை நிறுத்தும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவான்.

“மச்சான், உன் காருக்கு ரோட் டேக்ஸ் எதுக்குடா? கோயில்ல ஒரு வேண்டுதல் வெச்சா போதும் லா.”

முதலில் சிரிப்பது நான்தான். நாமே சிரித்துவிட்டால் அடி கொஞ்சம் குறைவாக விழும் என்று ஒரு கணக்கு. ஆனால் ஒருநாள் க்ளையண்ட்டை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வாழை இலை சாப்பாட்டுக் கடை கொஞ்சம் தூரம். “என் கார்ல போலாம் பாஸ்” என்றேன். பாஸ் என்னைப் பார்த்தார்.

“உன் கார்லயா? ஐயோ வேணாம்பா. க்ளையண்ட் பாத்தா நம்ம ஆபீஸ என்ன நெனைப்பான்?”

அந்த வாரமே செராஸில் கார் ஜோடனைச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். இங்கே இது ஒன்றும் புதுசில்லை. கம்பெனி லோகோவைக் கழற்றிவிட்டு ஜப்பான்காரன் லோகோவை ஒட்டிக்கொண்டு சுற்றுகிற ஆட்கள் எத்தனையோ பேர். கடையில் வேலை பார்த்த அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு, பல் பிடுங்குகிற மாதிரி லோகோவை அறுத்து எடுத்தார்.

“எங்க ஊர்ல காருக்கு சாமி படம் ஒட்டுவோம் தம்பி. நீங்க இங்க ஆள்மாறாட்டமே பண்றீங்களே!”

“சும்மா ஸ்டைலுக்குண்ணே.”

“ஸ்டேரிங்ல இருக்கறத தொட மாட்டேன். உள்ள ஏர்பேக் இருக்கு. பழைய லோகோ ரெண்டும் வேணுமா?”

“குப்பையில போட்டுருங்க.”

போட்டுவிட்டு, முன்னாலும் பின்னாலும் ஜப்பான் லோகோவை ஒட்டினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மாசம் அக்காவுக்கு நேரம் சரியில்லை. ஒரு புக்கிங்கூட வரவில்லை. மாசம் முடிவதற்குள் ஒன்றாவது வரவில்லை என்றால் சுங்கைப் பட்டாணி பிராஞ்சுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வடக்கே, பஸ்ஸில் அரை நாள் போகும் தூரம். அவள் போய்விட்டால் கிள்ளான் வீட்டில் அம்மா மட்டும். அம்மாவிடம் இதைச் சொல்லாதே என்று எனக்கு மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை நான் கிள்ளான் போனதும் அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, ஷோரூமில் அக்காவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். நான் புத்திசாலித்தனமாகக் காரைப் பின் சந்தில் நிறுத்தினேன். இறங்குவதற்குள் போன்.

“டேய், எங்க இருக்க?”

“பின்னால நிக்கிறேன்க்கா.”

“காரை முன்னாடி கொண்டாந்து வை. உள்ள ஒரு அங்கிள் இருக்காரு. நம்ம கார ஓட்டறவங்க வாயாலயே கேக்கணுமாம். என் தம்பியே நாலு வருஷமா ஓட்டறான், இப்ப வருவான், நீங்களே பாருங்கன்னு சொல்லிட்டேன்.”

“அக்கா, அது வந்து...”

“சீக்கிரம் வாடா! அவரு முடிவு பண்ணிட்டாரு, இது ஒன்னுதான் பாக்கி.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். சந்தைச் சுற்றி முன்னால் போனேன். முன்னாலும் ஜப்பான், பின்னாலும் ஜப்பான். எந்தப் பக்கத்தைக் காட்டி நிறுத்துவது?

அக்கா கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பின்னால் அந்த அங்கிள். லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கிறவர். கூட அவர் மனைவி. அக்கா பேசிக்கொண்டே வந்ததால் காரைச் சரியாகப் பார்க்கவில்லை.

“நாலு வருஷம் அங்கிள், ஒரு நாள் வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கிட்டு போனதில்ல. அவனையே கேளுங்க.”

அங்கிள் காரின் மூக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இது வேற கம்பெனி காரு மாதிரி இருக்கே?”

அப்போதுதான் அக்கா பார்த்தாள். அந்த முகத்தை நான் இங்கே விவரிக்க மாட்டேன்.

“அடிபட்டுருச்சு அங்கிள்,” என்றேன். “பம்பர் மாத்தினேன். செகண்ட் ஹேண்ட் பம்பர்.”

“அடிபட்டுச்சா?” அக்கா கேட்டாள். “எப்போ?”

அங்கிள் பின்னால் நடந்துபோய் அந்த லோகோவையும் பார்த்தார். கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து ஸ்டேரிங்கைப் பார்த்தார். அங்கே உண்மையான லோகோ பளபளவென்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

“முன்னால அடி, பின்னால அடி. ரெண்டு பக்கமும் ஜப்பான்காரன் பம்பர் கெடைச்சுதா தம்பி?”

நான் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

“காரு எப்படிப்பா? உண்மைய சொல்லு.”

“நல்ல காரு அங்கிள். சத்தியமா. ஒரு பிரச்சனையும் இல்ல.”

“நல்ல காருன்னா பேர எதுக்குப்பா மறைக்கற?”

அவர் மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேன்ல. விக்கறவ வீட்லயே இந்த லட்சணம். வாங்க போலாம்.”

அக்கா அவர்கள் பின்னாலேயே கேட்வரை போனாள். “அங்கிள், ஒரு டெஸ்ட் டிரைவ் மட்டும்” என்று கேட்டது என் காதில் விழுந்தது. எட்டு வருஷத்தில் அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தவள் என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

“அம்மா என்ன சமைச்சாங்க?”

“மீன் கறி.”

“சரி. வீட்டுக்குப் போ.”

திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சமா? காலேஜில் அத்தனை பேர் முன்னால் காரணம் காரணமாக அடுக்கின வாய். அந்தக் கம்பெனிக்கு ஏன் நல்ல பேர் இல்லை என்பதற்கு ஒரு முழு செமஸ்டர் ஆராய்ச்சி பண்ணினேன். ஐந்து நிமிஷத்தில் அந்த அங்கிள் அதற்குப் பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பதில் கையில் பாத்திரத்தோடு அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

வேறு புக்கிங் எதுவும் வரவில்லை. மாற்றல் வந்தது. அம்மாவிடம் அக்கா, “பெரிய பிராஞ்சும்மா, ப்ரமோஷன் மாதிரி” என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் கிளம்புகிற காலையில் நான் லீவு போட்டு கிள்ளான் வந்தேன். பெரிய பேக் இரண்டு, ஒரு ரைஸ் குக்கர், தலையணை. நான் பேக்கைத் தூக்கப் போனேன்.

“நான் சுங்கைப் பட்டாணி வரைக்கும் கொண்டுபோய் விடறேன்க்கா. எதுக்கு பஸ்ல?”

“வேணாம்டா.”

“இவ்ளோ சாமான் வெச்சிக்கிட்டு எப்படிப் போவ?”

அம்மா அடுப்படியில் இருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தினாள். “புது பிராஞ்ச். மொத நாளே உன் காரு அங்க வாசல்ல வந்து நிக்க வேணாம். என்னைத் தெரியாத எடம்டா அது. அப்படியே இருக்கட்டும்.”

நான் பேக்கைக் கீழே வைத்தேன்.

அம்மா பொட்டலத்தோடு வந்தார். “என்னடா நிக்கிற? சாமான ஏத்து. நீதானே கொண்டுபோய் விடற?”

அக்கா குனிந்து பேக்கின் ஜிப்பை இழுத்து மூடினாள். சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறந்தேன்.

“இல்லம்மா. காரு... என்ஜின்ல ஏதோ சத்தம் வருது. அவ்ளோ தூரம் தாங்காது.”

“நெனைச்சேன்!” அம்மா சலித்துக்கொண்டார். “அந்தக் காருன்னாலே இப்படித்தான். உங்க அப்பா காலத்துலேர்ந்து பாக்கறேன்.”

பக்கத்து வீட்டு ஆன்டி வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“காரு மக்கர் பண்ணுதாம்,” என்று அம்மா அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “புள்ள அக்காவ விடறதுக்குன்னே லீவு போட்டு வந்துருக்கான், பாவம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். கார் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்லுவேனா என்று காத்து நின்றாள். பிறகு ரைஸ் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு, டாக்சிக்கு போன் போட்டாள்.