ராக்கெட் டிரஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இரும்புலியூர் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீரோடு நின்றுவிட்டது. உள்ளே மகளின் ராக்கெட் படம் போட்ட டிரஸ் கிடந்தது. சாயங்காலம் தோழியின் பிறந்தநாளுக்கு அதைத்தான் போடுவேன் என்று அழுதாள்.

வந்த மெக்கானிக்கின் கழுத்தில் மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கியது. ஸ்க்ரூவைத் தொடுமுன் ஸ்விட்சைப் போட்டு மெஷின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"இவதாண்ணா பாக்கெட்ல எதையோ போட்டு வச்சிருப்பா" என்று மகளை முறைத்தேன்.

தண்ணீரை வடித்து, அடியில் கையை விட்டு ஒன்றை இழுத்தார். என் பிரா கம்பி. என்னை நிமிர்ந்தே பார்க்காமல் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சு பாப்பா. உன் மேல ஒண்ணும் தப்பில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தியது என் கம்பிதான் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.