அப்பா கூண்டேறிய நாள்

கோர்ட்டில் சுருக்கெழுத்தராக வேண்டும் என்று நான் கொல்லிமலையிலிருந்து சேந்தமங்கலத்துக்குப் படிக்க இறங்கிய வருஷம்தான் அப்பாவின் வழக்கும் சாட்சிக்கு வந்தது. எங்கள் மிளகுத் தோட்டத்துக்குப் போகும் தடத்தை, பக்கத்து நிலத்தை வாங்கிய அடிவாரத்துக்காரர் கம்பிவேலி போட்டு மூடிவிட்டார். தடம் போனால் தோட்டமே போன மாதிரி. மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைச் சரிவில் இறங்கி ஏற யாராலும் முடியாது.

படிப்பு எனக்குச் சுலபமாக வரவில்லை. ஆசிரியர் வாசிக்கும்போது ஒரு சொல்லில் தடுக்கினால் அடுத்த வரி ஓடியே போய்விடும். கோர்ட்டில் உட்கார்ந்து எழுதிப் பழகு என்று அவர்தான் அனுப்பினார். பின் பெஞ்சில் உட்கார்ந்து காதில் விழுவதையெல்லாம் எழுதினேன்.

அங்கேதான் அப்பாவை நினைத்து எனக்குப் பயம் வந்தது. குறுக்கு விசாரணை என்றால் வக்கீல் கேள்விதான் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்பதில்லை, நீங்கள் சொல்வது பொய் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். சாட்சி உடனே மறுக்க வேண்டும். மறுத்தால், வக்கீல் சொன்னதன் கடைசியில் 'என்று சொன்னால் சரியல்ல' என்று சேர்த்து நீதிபதி சொல்ல, அதைச் சாட்சியின் பதிலாகத் தட்டச்சர் கணினியில் அடிப்பார். பேசாமல் நின்றால் ஒத்துக்கொண்ட மாதிரி. எங்கள் ஊரிலோ, பெரிய மனிதர் சொன்னதை எதிரே நின்று இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிடிக்காவிட்டால் தரையைப் பார்ப்பார்கள். அப்பா அதில் எல்லோருக்கும் மேலே. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டுத் திட்டுகிறவனிடமும் தரையைத்தான் பார்ப்பார்.

அதனால் வீட்டில் ஒத்திகை வைத்தேன். நான் வக்கீல். அம்மா மரவள்ளிக் கிழங்கை உரித்தபடி வேடிக்கை பார்த்தாள்.

"அங்க தடமே கெடயாது. நீங்க சொல்றது பொய்," என்றேன்.

அப்பா குனிந்துகொண்டார்.

"இல்லீங்கன்னு சொல்லுங்கப்பா."

"படிச்ச மனுசன், கோட்டுப் போட்டுட்டு நிக்கறாரு. அவரு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சாமி இல்லீங்கறது?"

"அவரு உங்களைப் பொய்க்காரன்னு சொல்றாருப்பா."

"சொல்லிட்டுப் போவட்டும். தடம் எங்கயும் போயிராது."

போயே போய்விட்டது, அதற்குத்தானே கோர்ட்டு என்று கத்தினேன். அம்மா கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ எதுத்துப் பேசறதுல பாதி அவருக்கு வந்தாப் போதும்," என்றாள்.

அந்த நாளும் வந்தது. அப்பா வெளுத்த வேட்டியில், கூப்பிய கையைப் பிரிக்காமல் கூண்டில் நின்றார். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இரைந்து பேசும் ஆளாக இருந்தாலாவது அப்பாவுக்குக் கோபம் வரும். இவர் மருந்துக்கடைக்காரர் மாதிரி மெதுவாகப் பேசினார்.

"ஏங்க பெரியவரே, அந்த இடத்துல எப்பவுமே தடம் கிடையாது. நிலத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்றீங்க."

அப்பா தரையைப் பார்த்தார்.

என் பென்சில் அப்படியே நின்றது. நீதிபதி நிமிர்ந்தார். "பதில் சொல்லுங்க. சொல்லாட்டி ஒத்துக்கிட்டதா எழுதவேண்டி வரும்."

இல்லீங்க என்ற ஒரே சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால், மகள் சொல்லிக்கொடுத்தாள் என்று வழக்கே கெட்டுப்போகும். துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டேன். அப்பாவின் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததே இல்லை.

அப்பா மெல்ல வக்கீலைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க ஒருக்கா மலைக்கு வாங்க. நான் முன்னாடி நடக்கறேன். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கப்பன் போட்ட கல்லுப்படி கெடக்குதுங்க. வந்து பாருங்க."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. தட்டச்சரிடம் திரும்பி, "தடம் கிடையாது என்று சொன்னால் சரியல்ல," என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிழைத்தோம்.

"இல்லீங்க," என்றார் அப்பா.

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"நான் அப்படிச் சொல்லலீங்க ஐயா. வந்து பாருங்கன்னுதானுங்க சொன்னேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எதிராளி வக்கீலிடம் திறக்காத வாய், உதவ வந்த நீதிபதியிடம் திறந்துவிட்டது. எங்கள் வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். நீதிபதி அடித்ததை அழிக்கச் சொல்லி, "நேரில் வந்தால் தடத்தையும், வேலிக்கு அப்பால் உள்ள கல்படிகளையும் காட்டுகிறேன்," என்று அப்பாவின் பதிலாக அடிக்கச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலிடம், "போய்ப் பார்க்க உங்க தரப்புக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார்.

வக்கீல் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து, வேலி போட்ட அடிவாரத்துக்காரரே எழுந்துவிட்டார். "அதெல்லாம் எதுக்குங்க ஐயா? யாரும் வரவேண்டாமுங்க."

அவரை யாரும் கேட்கவில்லை. நீதிபதி அவரையே பார்த்தபடி பேனாவை எடுத்தார். வழக்கில் சேராத வேறொரு வக்கீலைக் கோர்ட்டின் ஆணையராக மலைக்கு அனுப்பி, இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி உத்தரவானது. அந்த உத்தரவில் ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை. கண்ணை நீர் மறைத்துவிட்டது.

அப்பா கூண்டிலிருந்து இறங்கினார். வெளியே போகிற வழியில், முகம் சிவந்து நின்ற வேலிக்காரருக்கும் ஒரு கும்பிடு போட்டு, "நீங்களும் வாங்க," என்றார்.